ஓடிக்கொண்டே குடிக்கும் தண்ணீர்

கம்பெனி வேனை விட்டவர்களுக்கு அன்றைய ஷிப்ட் போனதுதான். குண்டடத்துக்குத் தெற்கே இருக்கிற ஊர்களிலிருந்து பல்லடம் பக்கத்துப் பனியன் கம்பெனிக்கு வேறு எதில் ஏறினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதனால்தான் அன்று காலை, தங்கச்சி இன்னும் சடை பின்னிக்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் பொறுங்கள் என்று சசிகுமார் டிரைவர் வேல்குமாரிடம் கெஞ்சினான்.

"இன்னைக்கு உன்ற தங்கச்சிக்கு நிக்கோணும், நாளைக்கு அவ சிநேகிதிக்கு நிக்கோணும். வண்டி கம்பெனிக்குப் போறதா, கல்யாணத்துக்குப் போறதா?" என்று சொல்லிக்கொண்டே வேல்குமார் வண்டியை எடுத்துவிட்டான்.

வேன் நேராகப் போகாது. மேற்கே சுற்றி இரண்டு ஊர்களில் ஆள் ஏற்றிக்கொண்டு, காற்றாலைகளுக்கு நடுவில் வளைந்து வந்து, ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டில் ஏறும். டீக்கடை தெரிகிற தூரத்தில் வண்டி வந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ராக்கம்மாள் எழுந்தே விட்டாள்.

"அடியாத்தீ! வாய்க்கா மேட்டுல வர்றது நம்ம சித்ரா புள்ளயாட்ட இல்ல?"

எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சசிகுமாரும் எட்டிப் பார்த்தான். மஞ்சள் சுடிதார், இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துப்பட்டா, கையில் சோற்றுத் தூக்குப்போசி. அவசரத்தில் ஓடுகிறவர்கள் எப்படி ஓடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். தோள் குலுங்கும், வாய் திறந்துகொள்ளும், கால் மண்ணை உதைக்கும். இவளிடம் அது எதுவுமே இல்லை. இடுப்புக்கு மேல் யாரோ உட்கார்ந்துகொண்டு சும்மா வேடிக்கை பார்த்து வருவது போலிருந்தது. வாய்க்கால் கரையில் மேய்கிற மயில்கள் வேன் சத்தம் கேட்டாலே எழும்பிப் பறந்துவிடும். அவள் நடுவே புகுந்து வந்தபோதோ தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேயப் போய்விட்டன.

வண்டி டீக்கடைக்கு வந்து நின்றபோது சித்ரகலா அங்கே நின்று பாதிச் சடையை மீதி பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, இவ்வளவு மெதுவா வர்றீங்க?" என்று வேல்குமாரிடம் கேட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.

வேனே சிரித்தது. சசிகுமார் சிரிக்கவில்லை. தங்கச்சி பிறந்த நாளிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறான். ஒரே வட்டிலில் சோறு தின்றிருக்கிறான். தண்ணீர்க் குடத்துக்காக அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டிருக்கிறான். இவளுக்குள் இப்படி ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாமலே போயிருக்கிறது. அடுத்த சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய மூச்சை அவன் கவனித்தான். அது தூங்குகிறவர்களின் மூச்சு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வேண்டுமென்றே வேனை விட ஆரம்பித்தாள். வேல்குமாரும் வீம்புக்கு வேகமாக ஓட்டினான். பெண்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "உடாத புள்ள, உடாத!" என்று கத்தினார்கள். செக்கிங் டேபிளில் நாளெல்லாம் நின்று பனியனில் ஓட்டை தேடுகிற பெண்களுக்கு அந்தக் காலை நேரம் நோம்பி நாள் போல ஆகிவிட்டது.

திருப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த ஓட்டப் பந்தயத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது சசிகுமார்தான். ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்கிறவனுக்குப் பந்தயத்தைப் பற்றி என்ன தெரியும்? பெயர் கொடுத்தால் போதும் என்று யாரோ சொன்னார்கள். அவள் ஓடி முடித்து, கொடுத்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, அண்ணனைத் தேடி வந்து, "போலாமாண்ணா?" என்று கேட்டபோது அடுத்த பெண் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. அங்கேதான் முனீஸ்வரி அவளைப் பார்த்தது. ஒரு பெரிய நிறுவனம் ஊட்டியில் நடத்துகிற ஓட்ட அணிக்கு அவர் பயிற்சியாளர். சாத்தூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், ஒரு காலத்தில் தாமும் நாட்டுக்காக ஓடியவர். முனீஸ் மேடம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

"ஏ தம்பி, இவ யாரு?" என்றார் சசிகுமாரிடம்.

"என்ற தங்கச்சிங்க."

"இதுவரைக்கும் எங்க ஓடிக்கிட்டு இருந்தா?"

"வேனுக்குப் பின்னாலீங்க. இல்லீங்க, முன்னாலீங்க."

அப்படித்தான் சித்ரகலா ஊட்டிக்குப் போனாள். ஒரு வருஷம் சோதனைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அதற்குள் இரண்டு பெரிய அரை மராத்தான் ஓட வேண்டும். தேறினால் அணியில் நிரந்தர இடம். சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், அதற்கு மேல் நாட்டின் சட்டை போட்டுக்கொள்ளும் வழி. தேறாவிட்டால் மறுபடியும் செக்கிங் டேபிள்.

மலையிலிருந்து போனில் அவள் சொன்ன கதைகளை சசிகுமார் மதியச் சாப்பாட்டின்போது கம்பெனியில் எல்லோருக்கும் சொல்லுவான். "ஞாயித்துக்கெழம ஓடவே கூடாதாம்ணா. படுத்துக் கெடக்கோணுமாம். படுத்துக் கெடந்தா சம்பளம் குடுக்கற கம்பெனிய நீ பாத்திருக்கறயா?" சும்மா கிடக்க மனசு கேட்காமல் அவள் அறையிலிருந்த எல்லாப் பெண்களின் துணியையும் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். முனீஸ் மேடம் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாராம். இன்னொரு நாள், "முன்னால ஓடறவங்க எல்லாம் எனக்கு அக்காங்க மாதிரி இருக்கறாங்க. ஏனுங்க, கொஞ்சம் தள்ளிக்கறீங்களான்னு கேட்டேன். எல்லாரும் சிரிக்கறாங்கண்ணா."

"அப்பறம்?"

"அப்பறமென்ன? சிரிச்சுட்டு இருக்கறப்பவே தாண்டிப் போயிட்டேன்."

முதல் அரை மராத்தான் கோயமுத்தூரில். சசிகுமார் லீவு போட்டுவிட்டுப் போய், பாதித் தூரத்துக்கு மேலே தண்ணீர் கொடுக்கிற ஒரு இடத்தில் நின்றுகொண்டான். கல்லூரிப் பெண்கள் வரிசையாக நின்று கையில் காகிதக் கோப்பைகளை நீட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னணியில் நான்கு பெண்கள் ஒன்றாக வந்தார்கள். நான்காவது சித்ரகலா. பெரிய பெரிய பெயர் எடுத்தவர்களுக்குப் பக்கத்தில், அதே தூங்குகிற முகத்தோடு, அதே குலுங்காத தோளோடு. சசிகுமாருக்கு மயிர்க்கால் சிலிர்த்தது.

முன்னால் வந்த மூன்று பேரும் ஓடுகிற வேகத்திலேயே கோப்பைகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். சித்ரகலா நின்றாள். நின்று, கோப்பை வைத்திருந்த பெண்ணுக்கு முன்னால் இடுப்பை வளைத்துக் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வாய்க்குக் கீழே பிடித்தாள்.

அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. கோப்பையை இன்னும் நீட்டினாள். "அக்கா, எடுத்துக்கங்க!" சித்ரகலா கையைப் பிரிக்கவில்லை. அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கோப்பையைக் கொண்டுவந்து சேர்ந்திருந்த கைகளின் மேலேயே வைத்தாள். அது சரிந்து தார் ரோட்டில் கவிழ்ந்தது. அப்போதுதான் சித்ரகலாவுக்கு எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தது. நிமிர்ந்து ஓடினாள். ஆனால் மற்ற மூன்று பேரும் திருப்பத்தில் மறைந்திருந்தார்கள். நின்றுபோன காலை மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவருவது சாமானியமா? தண்ணீரும் இல்லாமல், கடைசியில் ஏழோ எட்டோ ஆளாக முடித்தாள்.

"பாவம், மயக்கம் போல" என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். சசிகுமாருக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். அவன் குடும்பம் இருக்கிற தெருவிலிருந்து தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோட்டக்காரர்கள் தண்ணீரைக் கையில் கொடுக்க மாட்டார்கள். மேலேயிருந்து ஊற்றுவார்கள், குனிந்து கையேந்திக் குடிக்க வேண்டும். அம்மா மாரக்காள் களை வெட்டப் போகிற வள்ளியாத்தாளின் தோட்டத்தில் இன்றைக்கும் அப்படித்தான். வள்ளியாத்தாள் கெட்டவள் இல்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் அம்மாவோடு வருகிற சித்ரகலாவை "வா கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். வெயிலில் ஓடிவருகிற பிள்ளைக்குச் செம்பு நிறைய மோரும் ஊற்றுவாள். ஊற்றத்தான் செய்வாள். கம்பெனியில் இந்தப் பேச்சே கிடையாது, அவரவர் பாட்டில் அவரவருக்கு. கம்பெனிக்குப் போய் வந்த இந்த வருஷங்களில் அந்தப் பழக்கம் போய்விட்டதென்று சசிகுமார் நினைத்திருந்தான்.

"என்னட்டி செஞ்ச அங்க?" முனீஸ் மேடம் கத்தினார். "தண்ணிய வாங்கிக் குடிக்கதுக்கு உனக்கு என்ன? கும்புட்டுக்கிட்டு நிக்க!"

சித்ரகலா தலை குனிந்து நின்றாள். பிறகு அண்ணனிடம் மட்டும் சொன்னாள். "எனக்கே தெரியலண்ணா. நாக்கு வறண்டு, கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. யாரோ தண்ணியோட நிக்கறாங்கன்னு கண்டதும் கை தானா சேந்துருச்சு."

சசிகுமார் அதை முனீஸ் மேடத்திடம் போய்ச் சொன்னான். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எங்க ஊர்லயும் உண்டு இதெல்லாம்," என்றார். "ஆனா ரோட்டுக்கு இது எதுவும் தெரியாது தம்பி. அடுத்தது சென்னை. அந்தப் புழுக்கத்துல தண்ணி குடிக்காம யாரும் முடிக்க முடியாது. நின்னான்னா அவ்வளவுதான், நான் என்ன பேசினாலும் எடுபடாது."

சென்னைக்கு முன்பு சில நாள் ஊருக்கு வந்திருந்தாள். சசிகுமார் கையில் பாட்டிலோடு வாய்க்கால் கரையில் நின்றான். அவள் ஓடிவந்து அலட்சியமாகப் பறித்துக்கொண்டு போனாள். ராக்கம்மாளை நிறுத்தினான். அவளிடமும் பறித்தாள். வேல்குமார் வேனை ஓட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக நீட்டினான். அதையும் பறித்துவிட்டு, "இன்னும் மெதுவாத்தான் வர்றீங்கண்ணா" என்றாள்.

"எங்க கிட்ட எல்லாம் நல்லாத்தான் புடுங்கற," என்றான் சசிகுமார். "நாங்க உனக்கு ஆளே இல்ல. வள்ளியாத்தா கையில புடுங்குவியா?"

அவள் முகம் கறுத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் சசிகுமார் தோட்டத்துக்குப் போனான். வள்ளியாத்தாளிடம் கேட்கும்போதே மாரக்காள், "டேய், வாய மூடுடா," என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வள்ளியாத்தாள் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள். "பாட்டலப் புடிச்சுட்டு நான் நிக்கோணும், உன்ற தங்கச்சி வந்து புடுங்கிட்டுப் போவா. அதான?"

"ஆமாங்க சாமி. சென்னையில ஓட்டமுங்க. அதுக்குப் பழகறதுக்குங்க."

"அவ ஓடறது டிவியில வருமா?"

"வருமுங்க."

"செரி, வாரேன் போ. அவ ஓடறதப் பக்கத்துல நின்னு நானும் பாத்ததே இல்ல."

மறுநாள் காலை வள்ளியாத்தாள் வாய்க்கால் கரையில் பாட்டிலோடு நின்றாள். மாரக்காள் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏறட்டும், நாக்கு வறளட்டும் என்று சசிகுமார் சித்ரகலாவை நெடுந்தூரம் ஓட விட்டிருந்தான். தூரத்தில் அவள் வருவது தெரிந்தபோது, "ஏப்பா சசி, புள்ள ஓடுதா, இல்ல காத்துல வருதா?" என்றாள் வள்ளியாத்தாள். அவள் குரலிலும் வியப்பு இருந்தது.

சித்ரகலா நெருங்கினாள். வேகம் குறையவில்லை. கையை நீட்டினாள். அந்த நொடியில் வள்ளியாத்தாளின் கை மேலே எழும்பிப் பாட்டிலைச் சாய்த்தது.

தண்ணீர் மண்ணில் கொட்டியது. வள்ளியாத்தாள் திகைத்துப் போய்க் கையைப் பார்த்தாள். "அட, நான் வேணும்னு செய்யலப்பா," என்றாள். அவளுக்கும் கை தானாகத்தான் போயிருக்கிறது என்பது சசிகுமாருக்கு விளங்கியது. அவன் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தான். சித்ரகலா திரும்பி மறுபடி வந்தாள். மறுபடியும் பாட்டில் சாய்ந்தது.

இந்த முறை சித்ரகலா தாண்டிப் போகவில்லை. ஓட்டத்தை நிறுத்தாமலே வட்டம் அடித்துக்கொண்டு வந்தாள். முகம் முழுக்க வியர்வை, கண் சிவந்திருந்தது.

"ஊத்தாதீங்க!" என்று கத்தினாள். "புடிங்க! அப்படியே புடிங்க!"

வேப்பமரத்தடியில் மாரக்காள் "ஐயோ சாமி" என்றாள். அந்த ஊரில் அவர்கள் தெருப் பிள்ளை எதுவும் வள்ளியாத்தாளிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. வள்ளியாத்தாள் மூன்றாவது பாட்டிலை வாங்கி, இன்னொரு கையால் தன் மணிக்கட்டையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்ரகலா வந்தாள். பறித்தாள். நகம் கீறி வள்ளியாத்தாளின் விரலில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அதற்குள் அவள் பாதித் தண்ணீரைக் குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு, வாய்க்கால் திருப்பத்தைத் தாண்டியிருந்தாள்.

வள்ளியாத்தாள் விரலைப் பார்த்தாள். சேலையில் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டாள். அன்று முழுக்க மாரக்காள் மகனையும் மகளையும் திட்டித் தீர்த்தாள். "ஓடறவ ஓடிப் போயிருவா. நாளைக்கு அந்தத் தோட்டத்துக்கு நானல்லோ போகோணும்?"

மறுநாள் வள்ளியாத்தாள் கரைக்கு வரவில்லை. ஆனால் சித்ரகலா ஓடிவந்தபோது தோட்டத்துக் கம்பி வேலிக்கு உள்ளே நின்றுகொண்டு, வேலிக்கு மேலாக ஒரு பாட்டிலை நேராக நீட்டினாள். முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தாள். சித்ரகலா அதையும் பறித்தாள். அது கோபமா, சம்மதமா என்று சசிகுமாருக்கு இன்றுவரை தெரியாது.

சென்னையில் கடற்கரைச் சாலை. விடிந்தும் விடியாமல் காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. நல்ல ஓட்டக்காரர்களுக்குத் தனி மேஜை போட்டு, அவரவர் பாட்டிலை எண் ஒட்டி அதில் வைத்திருந்தார்கள். கடைசி மேஜைக்குப் பக்கத்தில் சசிகுமார் நின்றான். அவனுக்கே தாகமாக இருந்தது.

முன்னணியில் ஆறு பெண்கள். அதில் அவள் இருந்தாள். மேஜையை அடைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை வீசினார்கள். யார் முழங்கையோ பட்டு நான்கைந்து பாட்டில்கள் உருண்டு ரோட்டில் விழுந்தன. சித்ரகலாவின் பாட்டில் சக்கரம் போல உருண்டு சசிகுமாரின் காலடிக்கே வந்தது. எடுத்துக் கொடுக்கலாமா? வெளியாள் கொடுத்தால் அவளை நீக்கிவிடுவார்கள் என்று முனீஸ் மேடம் பத்து முறை சொல்லியிருந்தார். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவளோ காலி மேஜையைப் பார்த்தாள். அதற்கு அப்பால், பின்னால் வருகிறவர்களுக்காகப் போட்டி நடத்துகிறவர்கள் நிறுத்தியிருந்த ஒரு பெரியவர் வெள்ளைத் தொப்பியும் தோளில் குறுக்குப் பட்டையுமாக, கையில் கோப்பையோடு நின்றிருந்தார். பார்த்தாலே நாலு பேருக்கு உத்தரவு போட்டுப் பழகியவர் என்று தெரியும்.

அவள் கைகள் இரண்டும் மார்புக்கு நேரே எழும்பின. சசிகுமார் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. எழும்பிய கைகளில் ஒன்று மட்டும் பிரிந்து, பாம்பு மாதிரி நீண்டு, அந்தக் கோப்பையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு போனது. பெரியவர் வெறுங்கையை நீட்டியபடியே நின்றார். "ஏம்மா!" என்று மட்டும் சொன்னார். அவள் காதில் அது விழுந்திருக்காது.

அதற்குப் பிறகு நடந்ததை சசிகுமார் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறான். முழுசாகச் சொல்ல வருவதில்லை. ஒருத்தியைத் தாண்டினாள். அடுத்தவளைத் தாண்டினாள். வேகமாக ஓடுவது போலவே தெரியவில்லை, மற்றவர்கள்தான் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். கடல் பக்கத்திலிருந்து வெயில் அவள் மேல் அடித்தது. அவனும் நடைபாதையில் விழுந்தடித்து ஓடினான், ஒரு மின்கம்பம் வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, கூட்டத்தின் கத்தலை வைத்து அவள் எங்கே போகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டாவது இடம். அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது முனீஸ் மேடம் அவள் முதுகில் படீர் படீரென்று அடித்துக்கொண்டிருந்தார். "எடுத்தாச்சு தம்பி! எங்க பிள்ளை இனி!" என்றார் அவனைக் கண்டதும். சித்ரகலா பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். கால் விரலில் ரத்தம் கட்டியிருந்தது.

"அண்ணா, எனக்கு இட்லி வேணும்," என்றாள்.

அதற்குள் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் வந்து அவள் பக்கத்தில் நின்றாள். ஜெயித்தவர்களுக்கு ஊக்க மருந்துச் சோதனை உண்டு, அது முடியும் வரைக்கும் கண்ணை எடுக்காமல் கூடவே இருப்பது அவள் வேலை என்று முனீஸ் மேடம் விளக்கினார். சித்ரகலா எழுந்தாள், அந்தப் பெண்ணும் நகர்ந்தாள். அவள் நின்றாள், அந்தப் பெண்ணும் நின்றாள்.

"என்னண்ணா இது, நிழல் மாதிரி வர்றாங்க?"

"வரட்டும் அம்மிணி. இனி உன்ற பின்னால எல்லாரும் வருவாங்களாட்ட இருக்குது."

அவள் சிரித்துவிட்டுக் கூடாரத்துக்குள் போனாள். சசிகுமார் பின்னாலேயே போனான். வாசலில் நின்ற காவலாளி கையை நீட்டி மறித்தார். "நீங்க யாருங்க? ஓடறவங்க மட்டும்தான் உள்ள."

"செரீங்க," என்று சொல்லிவிட்டு அவன் ஒதுங்கி நின்றான். அவள் கழற்றிய ஷூ இரண்டும் அவன் கையில் இருந்தன. காற்றை விட லேசாக இருந்தன. இன்னும் சூடு ஆறவில்லை.